பமேலா ஒளித்த தாள்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'பமேலா'வை நூறு பக்கத்தோடு மூடிவிட்டேன். வேலைக்காரப் பெண், தன்னைத் துன்புறுத்திய எஜமானையே கடைசியில் கட்டிக்கொள்கிறாளாமே! அதே காலத்து நாவலாசிரியர் ஹென்றி பீல்டிங் இதைக் கேலி செய்தது சரிதானே? 18ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல்கள் சமூகத்தை மாற்றினவா, வெறுமனே காட்டினவா?

கே.

அன்புள்ள கே.,

காட்டினவா மாற்றினவா என்பது பரீட்சைக் கேள்வி, விடுங்கள். பீல்டிங்கையும் இன்னொரு நாள் பேசலாம். ஆனால் முடிவை யாரோ சொல்லக் கேட்டு, நூறு பக்கத்தில் தீர்ப்பு எழுதுகிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள். அந்தக் கல்யாணம் எனக்கும்தான் பிடிக்காது.

நாவல் வந்தது 1740இல், பமேலா தன் பெற்றோருக்கு எழுதும் கடிதங்களின் வடிவில். பமேலாவுக்கு 15 வயது. எஜமான் அவளை லிங்கன்ஷையர் வீட்டில் அடைத்துவைக்கிறான். அவளோ பேனா, மை, தாள் எல்லாவற்றையும் வெவ்வேறு இடத்தில் ஒளிக்கிறாள். எழுதியதை உடுப்போடு சேர்த்துத் தைத்துக்கொள்கிறாள். அவன் அந்தத் தாள்களைக் கேட்டு மிரட்டுகிறான். தன் வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் தன்னைப் பற்றி எழுதுகிறாள் என்பதே அவனுக்குப் பொறுக்கவில்லை. படித்த பிறகுதான் இளகுகிறான். மாற்றம் என்று நீங்கள் தேடுவது இங்கே இருக்கிறது, கல்யாணத்தில் இல்லை. கனவான்கள் ஒரு வேலைக்காரியின் கடிதங்களை நாவலாக உட்கார்ந்து படித்தார்கள், அழுதார்கள்.

ரிச்சர்ட்சன் லண்டனில் அச்சகம் நடத்தியவர். கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்காக மாதிரிக் கடிதப் புத்தகம் ஒன்றைப் பதிப்பாளர்கள் கேட்க, அந்த வேலைக்கு நடுவில் பிறந்ததுதான் 'பமேலா'. 13 வயதிலேயே இளம்பெண்கள் சிலருக்குக் காதல் கடிதங்கள் எழுதிக்கொடுத்திருக்கிறார்.

இதைப் போன வாரம் மறுபடி படித்ததிலிருந்து பக்கத்து வீட்டில் வேலை பார்த்த அக்காவின் நினைப்பாகவே இருக்கிறது. ஊரில் இருந்த தன் அம்மாவுக்கு அவர் சொல்லச் சொல்ல நான்தான் இன்லண்ட் லெட்டரில் எழுதுவேன். எனக்கு அப்போது 11 வயது. "கை வலிக்குதுன்னு எழுது" என்றார் ஒருநாள். "நலமாக இருக்கிறேன்" என்று எழுதினேன். கடிதம் என்றால் அப்படித்தான் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"நான் அப்படிச் சொல்லலையே பாப்பா" என்றார். அந்த வரியை அடித்துவிட்டு, கை வலிக்கிறது என்று எழுதினேன்.