உப்புக்காத்துல ரேடியோ கட்டுறவங்களுக்கு: கேள்விக்கு பதில்

வீட்டுலயே ஹாம் ரேடியோ செட்டு (லைசென்ஸ் வாங்கிட்டு பொழுதுபோக்கா பேசுற ரேடியோ) கட்டுறதுல சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு ஒரு வார்த்த சொன்னேன், தொண்டியில இருந்து ஏர்வாடி வரைக்கும் கேள்வியா வந்து குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி இருந்தத ஒண்ணா சேத்துட்டேன். நான் படிச்ச இஞ்சினியர் எல்லாம் இல்லங்க, மண்டபத்துல டிவி ரிப்பேர் கடை வச்சிருந்தவன், பெட்டி டிவி போனதும் கடையும் போச்சு, சால்டரிங் அயன் மட்டும் கைய விட்டு போகல. புத்தகத்துல இருக்குறது கொஞ்சம், நான் கைய சுட்டுக்கிட்டது நெறைய, ரெண்டும் கலந்துதான் வரும்.

தேவிபட்டினம், பத்தாவது படிக்கிற தம்பி: அண்ணே, முதல்ல டிரான்ஸ்மிட்டர் கட்டலாமா? லைசென்ஸ் வேணுமா?

வேணும் தம்பி. லைசென்ஸ் இல்லாம காத்துல ஒரு மில்லிவாட்டு கூட விடாத. 12 வயசு ஆயிருந்தா பரீட்சை எழுதலாம், டெல்லி தொலைத்தொடர்புத் துறையில வயர்லெஸ் விவகாரத்த பாக்குற டபிள்யூபிசி பிரிவு நடத்துறது, விண்ணப்பம் சரல் சஞ்சார் தளத்துல. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுங்குற கீழ்நிலை லைசென்ஸுக்கு மோர்ஸ் தந்தி தேவையில்ல, அடிப்படை எலக்ட்ரானிக்ஸும் விதிமுறையும் தெரிஞ்சா போதும்.

அதுவரைக்கும் ரிசீவர் கட்டு. அதுலயும் முதல்ல பேட்டரியே இல்லாத கிரிஸ்டல் செட்டு. 2 இன்ச் பிவிசி பைப்புல 28 கேஜ் இனாமல் கம்பி 50 சுத்து நெருக்கமா சுத்துனா 200 மைக்ரோஹென்றி கிட்ட வரும், அதோட பழைய ரேடியோவுல ஸ்டேஷன் மாத்துற கேங் கண்டென்சர், ஒரு ஜெர்மானியம் டயோடு (ஓஏ79 கெடச்சா ராஜா), பத்து பதினஞ்சு மீட்டர் வயரு, ஒரு எர்த்து. எர்த்துதான் நம்ம ஊர்ல சொகம், கடற்கரை மணல்ல மூணு அடி தோண்டுனா ஈரம், கம்பிய அடிச்சா வேல முடிஞ்சுது. நான் முதமுதல்ல அப்படி கேட்டது தூத்துக்குடி வானொலி, 1053 கிலோஹெர்ட்ஸ், கரண்டே இல்லாம காதுக்குள்ள ஆளு பேசுறாரு, அன்னைக்கு ராத்திரி எங்கப்பா மூணு தடவ வந்து தூங்குடான்னுட்டு போனாரு. செல்போன் ஹெட்செட்ட நேரா மாட்டுனா ஒண்ணும் கேக்காது, அதுக்கு இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு குடுக்குற தடை, ரொம்ப கம்மி, நடுவுல ஒரு சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரோ எல்எம்386 ஆம்பிளிஃபயரோ போடணும்.

பாம்பன், விசைப்படகு டிரைவர்: ஹாம் செட்டு கட்டுனா கடல்ல இருந்து வீட்டுக்கு பேசலாமா? வாக்கி டாக்கிய படகு சேனலுக்கு மாத்தி தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு.

மாத்தி வாங்காதீங்க அண்ணே. படகுல வைக்கிற விஎச்எஃப் ரேடியோ வேற, ஹாம் வேற. உங்க 16-ம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், ஹாமுக்கு குடுத்துருக்குறது 144 முதல் 146 வரைக்கும். தொழிலுக்கு ஹாம பயன்படுத்தவே கூடாது, மீன் வெலை பேசுனாலும் தப்புதான். படகுக்குன்னு உள்ள செட்ட முறையா வாங்கி மாட்டுங்க, ஆபத்துன்னா கடலோர காவல்படைக்கு 1554. ரேடியோவ பொழுதுபோக்கா கத்துக்கணும்னா கரையில வந்து உக்காருங்க, சொல்லித் தர்றேன்.

பரமக்குடி, பாலிடெக்னிக் பையன்: சாமான் எங்க கெடைக்கும்? காயில் சுத்துற டொராய்டு வளையம் கெடைக்கவே மாட்டேங்குது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நாள் போயிட்டு வாங்க, ஆனா போறதுக்கு முன்னாடி உங்க தெரு பழைய இரும்புக் கடைய பாருங்க. நமக்கு வேண்டியதுல பாதி அங்க கெடக்குது. பியூஸ் போன சிஎஃப்எல் பல்புல 13003 மாதிரி டிரான்சிஸ்டர் ரெண்டு, நல்ல ஃபிலிம் கண்டென்சர், ஒரு குட்டி ஃபெரைட் வளையம். பழைய பட்டன் டெலிபோன்ல 3.579 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கும், அது 80 மீட்டர்னு சொல்ற 3.5 மெகாஹெர்ட்ஸ் ஹாம் பேண்டுக்குள்ள அப்படியே விழும். அமெரிக்காக்காரன் கட்டுரைய படிச்சிட்டு அந்த கிரிஸ்டல பழைய கலர் டிவியில தேடாதீங்க, நம்ம டிவி பால் (PAL)ங்குற கலர் முறை, அதுல இருக்குறது 4.43. நான் நாலு டிவிய பிரிச்சுட்டுதான் இது மண்டைக்கு ஏறுச்சு.

டொராய்டுக்கு வர்றேன். கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ல மஞ்சள் வெள்ளை பெயிண்ட் அடிச்ச வளையம் வரும்ல, அது பவர் சப்ளைக்கு உள்ளது, ரேடியோ அலைவரிசைக்கு டியூன் பண்ற சர்க்யூட்ல போட்டா சூடாகி சிக்னல தின்னுரும். செவப்பு டி50-2 வளையம் கெடச்சா நல்லது, அதுக்கு கணக்கு சுலபம், எத்தன மைக்ரோஹென்றி வேணுமோ அத 49-ஆல வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, நூறால பெருக்கு. 1.2 வேணும்னா 16 சுத்து. கெடைக்கலையா? ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான், பிட்எக்ஸ்னு உலகம் பூரா கட்டுற டிரான்சீவர (பேசவும் கேக்கவும் ஒரே செட்டு) டிசைன் பண்ணவரு, அவரு முதல் பிட்எக்ஸ்ல ஆசிலேட்டர் காயில தண்ணிக்குழாய் வாஷர்ல சுத்துனாரு. நம்ம ஹார்டுவேர் கடை வாஷருங்க! சாமான் இல்லன்னு சொல்றவங்கள்ட்ட நான் இதத்தான் சொல்லுவேன். சுத்து எண்ணிக்கை மட்டும் நெறைய வேணும், ஏன்னா பிளாஸ்டிக் வாஷர் காந்தத்துக்கு வெறும் காத்து மாதிரிதான்.

அதே பையன்: அலைவரிசைய உண்டாக்குற விஎஃப்ஓ ஆசிலேட்டர் கட்டுனேன், ஸ்டேஷன் நழுவிக்கிட்டே போகுது.

ஃபேன நிறுத்திட்டு பாத்தீங்களா? சிரிக்காதீங்க, பாதி பேருக்கு அதுதான் வியாதி. காயில் மேல காத்து பட்டா குளிரும், அது நின்னா சூடாகும், 7 மெகாஹெர்ட்ஸ்ல 100 ஹெர்ட்ஸ் நகர அது போதும். கண்டென்சர் எல்லாம் என்பி0 டைப்பா இருக்கணும், சாதா டிஸ்க் செராமிக் வெப்பத்துக்கு ஆடும். காயில மெழுகு உருக்கி ஊத்தி அசையாம வச்சு, மூடி போட்ட டப்பாவுல அடைச்சு, பத்து நிமிஷம் சூடேற விட்டுட்டு கேளுங்க. பொறுமை இல்லன்னா அலைவரிசை உண்டாக்குற எஸ்ஐ5351 போர்டும் அத ஓட்டுற ஆர்டுயினோ நானோவும் வாங்கி போட்டுக்கிடலாம், பாற மாதிரி நிக்கும். ஆனா ஒரு தடவையாவது கையால காயில் சுத்தி நிறுத்திப் பாருங்க, அப்புறம் எத வேணா வாங்குங்க.

தொண்டி, வாத்தியார்: டிரான்ஸ்மிட்டர்ல பவர் குடுக்குற ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர் மூணு போயிருச்சு. நாலாவது வாங்குறதுக்கு முன்னாடி கேட்டுக்கிறேன்.

சார், நல்லவேள கேட்டீங்க, நானும் மூணு போனப்புறம்தான் யோசிச்சேன். என் கதைய சொல்றேன். 40 மீட்டர், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் செட்டு, எட்டு மாசம் அருமையா ஓடுச்சு. ஒரு நாள் காலையில பேசுறதுக்கு பிடிடி பட்டன அமுக்குறேன், மீட்டர் முள்ளு அந்தப் பக்கம் போய் முட்டுது, டப்புனு ஒரு சத்தம், வெங்காயம் கருகுன மாதிரி வாடை. மாத்துனேன், மறுபடியும் அதே. மூணாவது தடவதான் லென்ஸ் வச்சு பயஸ் பிரீசெட்ட (டிரான்சிஸ்டரோட கேட்டு முனைக்கு போற வோல்ட்டேஜ திருகி வைக்கிற சின்ன ரெசிஸ்டர்) பாத்தேன், உள்ள அந்த நகர்ற தகடு இருக்குல்ல, அதுக்கும் கார்பன் பட்டைக்கும் நடுவுல மயிரிழை அளவு பச்சை களிம்பு. தொட்டும் தொடாம நிக்குது. அது விட்டுப்போற நேரத்துல என் சர்க்யூட்ல கேட்டுக்கு முழு வோல்ட்டேஜும் ஏறுற மாதிரி நான் வயரிங் பண்ணி வச்சிருந்தேன். தப்பு உப்பு மேல பாதி, என் மேல பாதி.

அதனால ரெண்டு வேல செய்யுங்க. பயஸ் சப்ளைய 7805 ரெகுலேட்டர் ஐசி வழியா 5 வோல்ட்டுக்குள்ள கட்டுங்க. கேட்டுல இருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கே ரெசிஸ்டர் போடுங்க, பிரீசெட் தகடு தூக்கிருச்சுன்னா கேட்டு தானா பூஜ்யத்துக்கு எறங்கிரும், செட்டு ஊமையாகும், ஆனா சாகாது. முதல் தடவ பிரீசெட்ட கீழ்க்கடைசியில வச்சு, சப்ளையில ஆம்மீட்டர் போட்டு, மெதுவா திருகி 80, 100 மில்லிஆம்ப் வந்ததும் நிறுத்துங்க. கேட்டு 2 வோல்ட்டுல இருந்து 4 வோல்ட்டுக்குள்ள எங்க வேணா தொறக்கும், ஒண்ணுக்கொண்ணு ஒத்து இருக்காது. முதுகுத் தகடு டிரெய்ன்ங்குற முனையோட சேந்தது, மைக்கா இல்லாம ஹீட்சிங்குல முடுக்கிட்டு சேசிஸோட சேத்துராதீங்க. ஆன்டெனா இல்லாம பிடிடி அமுக்குனீங்களான்னு நான் கேக்கப்போறதில்ல, எல்லாரும் அமுக்கிருப்போம்.

சாயல்குடி, அண்ணன் ஒருத்தர்: பனைமரத்துல டைபோல் (நடுவுல கேபிள் சேக்குற ரெண்டு கை கம்பி ஆன்டெனா) கட்டலாமா? டிஷ் கேபிள் போட்டா ஓடுமா?

தாராளமா. உங்க பக்கம் பனைக்கா பஞ்சம். நீளத்துக்கு 143-ஐ மெகாஹெர்ட்ஸால வகுங்க, 7.1-க்கு 20.14 மீட்டர், ஒரு கைக்கு பத்து மீட்டர் சொச்சம். முப்பது சென்டிமீட்டர் கூடவே வெட்டி, நுனிய மடக்கி கட்டி, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவுல இருந்து எவ்வளவு பவர் திரும்புதுன்னு காட்டுற அளவு) பாத்து பாத்து மடக்குங்க, வெட்டிட்டா ஒட்ட முடியாது. செம்புக்கம்பிய மொட்டையா கட்டாதீங்க, வீட்டு வயரிங்குக்கு வாங்குற பிவிசி ஒற போட்ட வயரே நல்லது, மொட்டக் கம்பி ரெண்டு மழைக்குள்ள பச்சையாயிரும். இன்சுலேட்டருக்கு பிவிசி பைப் துண்டு, கட்டுறதுக்கு வலைக்கு போடுற நைலான் கயிறு. மரத்துல இறுக்கிக் கட்டாம ஒரு கப்பி போட்டு மறுமுனையில கல்லு தொங்க விடுங்க, பனை ஆடும்போது கல்லு ஏறி எறங்கும், கம்பி அறாது. மரம் ஏறுறது மட்டும் மரம் ஏறத் தெரிஞ்சவர வச்சு.

டிஷ் கேபிள் 75 ஓம், டைபோலுக்கு அது ஒண்ணும் பொருந்தாத சோடி இல்ல, சின்ன பவருக்கு நல்லாவே ஓடும். சங்கடம் வேற, அதோட மேல் வலை அலுமினியம், ஈயம் புடிக்காது, உப்புக்காத்து பட்டா ஆறே மாசத்துல திருநீறு மாதிரி உதிரும். ஆர்ஜி58 கேபிள் வாங்கிருங்க, 20 மீட்டருக்கு 7 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு டெசிபல் கூட போகாது. மேல் முனைய நல்லா மூடலன்னா அதுவும் வீண், தண்ணி திரி மாதிரி ஏறி வலை கருத்துரும். கனெக்டர் மேல ரப்பர் டேப்ப இழுத்து சுத்தி, அதுக்கு மேல கருப்பு டேப், கேபிள ஒரு வளையம் தொங்க விட்டு உள்ள கொண்டு வாங்க.

ராமேஸ்வரம்: போர்ட உப்புல இருந்து எப்படி காப்பாத்துறது?

சால்டர் பண்ணப்ப மிஞ்சுற ஃப்ளக்ஸ் பிசின் மேலதான் ஈரம் ஒட்டும். செல்போன் கடையில ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) வாங்கி பழைய பல்லு பிரஷால தேச்சு கழுவுங்க, காஞ்சதும் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. டிரிம்மர், பிரீசெட், ஸ்விட்ச் மேல படக்கூடாது. ஏற்கெனவே உப்பு பூத்த போர்டுன்னா தண்ணியில கழுவலாம், ஆனா போர் தண்ணியில கழுவாதீங்க, நம்ம ஊரு போர் தண்ணியே உப்பு! பேட்டரிக்கு ஊத்துற தண்ணி வாங்கி கழுவி நெழல்ல ரெண்டு நாள் காய விடுங்க. அப்புறம், அளவு டேப்ப வெட்டி 2 மீட்டர் பேண்டுக்கு (144 மெகாஹெர்ட்ஸ்) யாகி ஆன்டெனா செய்வாங்கல்ல, வெளியூர்ல அது நல்லா இருக்கும், இங்க வெட்டுன ஓரம் ஒரே சீசன்ல துரு. அலுமினிய கம்பியில செய்ங்க.

கீழக்கரை, தங்கச்சி ஒருத்தர்: வீடு பூரா கம்பி, ஈயப்புகை. செல்போன் இருக்கையில இவுகளுக்கு எதுக்கு அண்ணே இது?

தங்கச்சி, புகைக்கு ஜன்னல் பக்கம் ஒரு சின்ன ஃபேன் வைக்கச் சொல்லுங்க, வேல முடிஞ்சு சோப்பு போட்டு கை கழுவாம சோத்துல கை வைக்க விடாதீங்க, அது உங்க உரிமை. மத்தபடி, 64 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போனது உங்க வீட்டு பெரியவங்க சொல்லிருப்பாங்க, அங்க என்ன நடந்துச்சுன்னு வெளிய தெரியவே நேரம் ஆச்சு. 2004 சுனாமி அன்னைக்கு பாரதி பிரசாத்னு ஒரு அம்மா ஹாம் செட்டோட போர்ட் பிளேயர்ல இருந்தாங்க, அந்தமான்ல போன் எல்லாம் செத்த நேரத்துல ஆளு உசுரோட இருக்குற சேதி அவங்க செட்டு வழியா போச்சு. ஒரு மூலைய மட்டும் ஒதுக்கிக் குடுங்க, கம்பி அந்த மூலைய தாண்டுனா நீங்க வெட்டிரலாம், நான் கேக்கமாட்டேன்.

மண்டபம்: ராத்திரியானா கரகரன்னு எரைச்சல், மழை பெஞ்சா நின்னுருது.

அது உங்க செட்டு இல்ல. கோடையில கம்பத்து பீங்கான் மேல உப்பு படியும், ராத்திரி பனி எறங்குனதும் அது ஈரமாகி கரண்டு பொறி விடும். மழை கழுவிட்டா சுத்தம். பேட்டரி ரேடியோவ கையில வச்சுக்கிட்டு தெருவுல நடந்தா எந்தக் கம்பம்னு தெரியும், நம்பர குறிச்சு ஈபி ஆபீஸ்ல குடுங்க, நீங்களா கம்பத்த தட்டிப் பாக்காதீங்க. மழையிலயும் நிக்காத எரைச்சல்னா வீட்டு எல்இடி பல்ப ஒவ்வொண்ணா அணைச்சுப் பாருங்க.

இடி நேரத்துல? கேபிள கழட்டி வீட்டுக்கு வெளிய போடுங்க. ஐப்பசி கார்த்திகையில கழட்டியே வைங்க.

உச்சிப்புளி, காலேஜ் தம்பி: தனுஷ்கோடி கடற்கரையில செங்குத்து ஆன்டெனா வச்சா உலகம் பூரா கேக்குமாமே?

உண்மைதான் தம்பி. காஞ்ச மணல விட கடல் தண்ணி ஆயிரம் மடங்குக்கு மேல கரண்ட கடத்தும், தண்ணி ஓரத்துல நட்ட வெர்டிகல்ல இருந்து சிக்னல் தரையோட தரையா தாழ்ந்து போகும், தூரத்துக்கு அதுதான் வேணும். 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு 5 மீட்டர் கம்பி, ஒரு மூங்கில்ல சுத்தி நிறுத்து, கீழ ரெண்டு ரேடியல், அதாவது படுக்கையா இழுத்துக் கட்டுற கம்பி, அதே நீளம், தரையில படாம முழங்கால் ஒசரத்துல. 5 வாட்டு போதும். மதுரைக்கும் சென்னைக்கும் பேசணும்னா இது ஆகாது, அதுக்கு தாழக் கட்டுன 40 மீட்டர் டைபோல்தான், சிக்னல் மேல போய் தலைக்கு மேலயே திரும்பி எறங்கும்.

ஆனா அரிச்சல்முனையில சாயங்காலத்துக்கு மேல இருக்க விடமாட்டாங்க, எல்லை வேற, கம்பிய நட்டு ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு உக்காந்தா யாருக்கும் சந்தேகம் வரும். லைசென்ஸ்ல உள்ள முகவரிய விட்டு வெளிய செட்டு போடுறதுக்கான விதிய படிச்சுட்டு, ஸ்டேஷன்ல முன்கூட்டி எழுதிக் குடுத்துட்டு, லைசென்ஸ் நகலோட போ. நான் மொத தடவ போனப்ப நகல் எடுக்காம போயி, ரெண்டு மணி நேரம் பெஞ்சுல உக்காந்து ஒரு ஏட்டையாவுக்கு மோர்ஸ் சொல்லிக் குடுத்துட்டு வந்தேன். மனுசன் தன் பேர தட்டப் பழகிட்டுதான் என்ன விட்டாரு.