அவுட்லெட்ல வாங்குனா நெசமாவே காசு மிச்சமா? வேன் பிடிக்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. வீட்டுல பெரியவங்க சின்னவங்க சேத்து எட்டு பேரு, குறுவை நெல்லு கொள்முதல் நிலையத்துல போட்ட பணம் பேங்க்ல ஏறிடுச்சு, தீபாவளி துணிமணிக்குன்னு 20,000 ரூபா ஒதுக்கி வச்சிருக்காங்க. அவங்க ஓரகத்தி என்ன சொல்றாங்கன்னா, இங்க கடைத்தெருவுல எடுக்கறது வீண், வேன் பிடிச்சு திருப்பூர் போயிடுவோம், ஃபேக்டரி அவுட்லெட்ல எல்லாமே பாதி விலைங்கறாங்களாம். வேன் வாடகை, டோல், டிரைவர் பேட்டா, வழியில ரெண்டு வேளை சாப்பாடு எல்லாம் சேத்து 11,000 ஆகும்னு விசாரிச்சும் வச்சிட்டாங்க. ஆனா போன வருஷம் திருச்சி பைபாஸ்ல ஒரு அவுட்லெட்ல 60 பர்சென்ட் தள்ளுபடின்னு மூணு சட்டை எடுத்து, மூணாவது துவையல்லயே சாயம் போயி காலர் நெளிஞ்சு போச்சாம், அதனால பயமாவும் இருக்கு. "போகலாமா வேணாமா தம்பி, நெசமாவே மிச்சமாகுதா?" இதான் கேள்வி.

அக்கா, நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில 14 வருஷம் மெர்ச்சண்டைசரா இருந்துட்டு இப்ப கும்பகோணத்துல சின்னதா ஜவுளி வியாபாரம் பண்றேன், அதனால ரெண்டு பக்கமும் பாத்தவன். நானும் கடை வச்சிருக்கேன், அதனால அவுட்லெட்ட மட்டம் தட்டறேன்னு நினைச்சிடாதீங்க, அங்க நல்ல சரக்கும் இருக்கு, எது நல்லதுன்னு கீழ சொல்றேன். ஆனா உங்க கேள்விக்கு நேரடி பதில்: 20,000 ரூபா துணிக்காக வேன் எடுத்துட்டு திருப்பூர் போகாதீங்க.

கணக்க பாருங்க. அவுட்லெட்ல பலகையில என்ன பர்சென்ட் போட்டிருந்தாலும் அதே தரத்து துணிய நம்ம ஊர் கடை விலையோட வச்சுப் பாத்தா, என் அனுபவத்துல நல்லா பாத்து எடுக்கற ஆளுக்கு 30 பர்சென்ட் மிச்சமானாலே பெரிய விஷயம். இங்க 20,000 ஆகற துணி அங்க 14,000க்கு கிடைச்சுதுன்னே வச்சுக்குவோம், மிச்சம் 6,000, வேனுக்கு போனது 11,000, ஆக கையிலேர்ந்து 5,000 கூடுதலா போகுது. அந்த 11,000த்த எடுக்கவே நீங்க சுமார் 37,000 ரூபா பெறுமான துணி வாங்கணும், அதுக்கப்புறம்தான் மிச்சங்கற பேச்சே வரும். மன்னார்குடிலேர்ந்து தஞ்சாவூர், திருச்சி, கரூர், காங்கேயம்னு போயி சேரவே 250 கிலோமீட்டருக்கு குறையாது, அவ்ளோ தூரம் போயிட்டு வெறுங்கையோட யாரும் திரும்ப மாட்டாங்க, வந்தது வந்தோம்னு நாத்தனார் வீட்டுக்கு ரெண்டு, சம்பந்தி வீட்டுக்கு நாலுன்னு எடுத்துருவோம், பட்ஜெட் போற எடமே அதான். ஒரு தெருவே சேந்து, நாலஞ்சு குடும்பம் வருஷத்துக்கும் வேண்டிய பனியன் ஜட்டி நைட்டி லெக்கிங்ஸ் எல்லாத்தையும் மொத்தமா எடுக்கப் போறீங்கன்னா அது வேற கணக்கு, அப்ப போகலாம்.

இப்ப அந்த 60 பர்சென்ட் விஷயத்துக்கு வர்றேன், இதத்தான் எல்லாரும் புரிஞ்சுக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. எம்ஆர்பிக்கு மேல விக்கக்கூடாதுன்னுதான் சட்டம் சொல்லுது, எம்ஆர்பி எவ்வளவு போடணும்னு சட்டம் சொல்லல. அது கம்பெனிக்காரங்க அவங்களா போடற நம்பர். 300 ரூபா பெறுமான டீ-ஷர்ட்டுல 799ன்னும் போடலாம் 1,499ன்னும் போடலாம், தப்பு இல்ல. அப்புறம் அதுலேர்ந்து 60 பர்சென்ட் கழிச்சு 599க்கு குடுத்தா நமக்கு 900 ரூபா லாபம் வந்த மாதிரி மனசு குளுந்து போகுது. அந்த 1,499 குடுத்து அத யாராவது எங்கயாவது வாங்கியிருக்காங்களா? அதான் கேக்க வேண்டிய கேள்வி. போர்டுல இருக்கற பர்சென்ட்ட மறந்துட்டு, இதே துணிய தஞ்சாவூர் காந்திஜி ரோட்டுலயோ கும்பகோணம் பெரிய தெருவுலயோ எவ்வளவுக்கு தருவான்னு மட்டும் பாருங்க. இன்னொண்ணு, 50 பிளஸ் 20ன்னு போட்டிருந்தா அது 70 இல்ல, 60தான், பாதி ஆனதுலேர்ந்துதான் இருபது கழியும். ரெண்டு வாங்குனா ஒண்ணு ஃப்ரீங்கறது 33 பர்சென்ட், அதுவும் மூணும் உங்களுக்கு தேவைப்பட்டாத்தான்.

அவுட்லெட்ல தொங்கற சரக்கு எல்லாம் ஒரே ஜாதி இல்ல. ஏற்றுமதி ஆர்டருக்கு கட்டிங் போடும்போது டேமேஜ் போகும்னு நூத்துக்கு மூணு அஞ்சு கூடுதலா வெட்டுவோம், டேமேஜ் கம்மியானா அது மிச்சம் நிக்கும், சில சமயம் பையர், அதாவது ஆர்டர் குடுத்த வெளிநாட்டு கம்பெனிக்காரன், ஆர்டரையே கேன்சல் பண்ணிடுவான், இதெல்லாம் சர்ப்ளஸ். இது தங்கமான சரக்கு, ஏன்னா வெளிநாட்டு பையரோட டெஸ்டிங் எல்லாம் தாண்டுன துணி. லேபிள பாதியா வெட்டியிருப்பாங்க, இல்ல மார்க்கர்ல கோடு இழுத்திருப்பாங்க. திருப்பூர் காதர்பேட்டை முழுக்க இந்த வியாபாரத்துக்கு பேர் போனது. ஆனா ஒரு டிசைன்ல எல்லா சைஸும் இருக்காது, நம்ம ஆளுங்களுக்கு வெளிநாட்டு சைஸ் கை நீளமாவும் இருக்கும். அடுத்தது செகண்ட்ஸ், செக்கிங்ல ஒதுக்குனது, எண்ணெய் கறை, ஊசி ஓட்டை, ஒரு கை ஒரு இன்ச் குட்டை இப்படி. தெரிஞ்சு வாங்குனா வீட்டுல போட்டுக்க மோசமில்ல. மூணாவது போன சீசன் ஓடாம நின்ன ஷோரூம் சரக்கு, கலர் பிடிச்சிருந்தா இது நல்ல லாபம்.

நாலாவதுதான் சிக்கல். அவுட்லெட்டுக்குன்னே தனியா தைக்கற சரக்கு. பிராண்ட் பேரு அதே, லோகோ அதே, ஆனா துணி எடை கம்மி, பட்டன் மட்டம், தையல் அகலம். ஷோரூமுக்கு ஒரு நாளும் போகாத சரக்குல ஷோரூம் விலை மாதிரி ஒரு எம்ஆர்பி. இது நம்ம ஊர் பழக்கம் மட்டும் இல்ல அக்கா, அவுட்லெட் மால் பொறந்த அமெரிக்காலயே இதே தகராறுதான். அங்க பென்சில்வேனியால ரெட்டிங்னு ஒரு ஊரு, 1970கள்ல மில்லுக்காரங்க மிச்ச சரக்க மில்லுலயே வித்ததுலேர்ந்து வளந்தது இந்த அவுட்லெட் மால், அப்ப அது நெசமான மிச்ச சரக்கு. அப்புறம் மால் பெருகப் பெருக விக்கறதுக்கு மிச்ச சரக்கு எங்க பத்தும்? தனியா தைக்க ஆரம்பிச்சாங்க. 2014 ஜனவரில அமெரிக்க காங்கிரஸ், அதாவது அவங்க பார்லிமெண்ட் உறுப்பினர்கள் நாலு பேரு, ஜனங்க ஏமாறாங்க விசாரிங்கன்னு அங்க இருக்கற வர்த்தக ஆணையத்துக்கு லெட்டரே எழுதுனாங்க. உங்க மூணு சட்டையும் அனேகமா இந்த நாலாவது ரகமாத்தான் இருக்கும்.

கண்டுபிடிக்கறது எப்படின்னா, டேக்ல இருக்கற ஸ்டைல் நம்பர செல்போன்ல அந்த பிராண்டோட சொந்த சைட்ல போட்டு பாருங்க. சர்ப்ளஸ்ல இது நடக்காது, லேபிளே வெட்டியிருக்கும், ஆனா ஷோரூம்ல ஓடாம நின்ன சரக்குன்னு சொன்னா எங்கயாவது தட்டுப்படணும். எங்கயுமே இல்லாம, ஆனா எல்லா சைஸும் எல்லா கலரும் அடுக்கடுக்கா இருந்துச்சுன்னா மிச்ச சரக்குன்னு நம்பாதீங்க. மிச்சம்னா உடைஞ்சு உடைஞ்சுதான் இருக்கும், எம் இருந்தா எல் இருக்காது.

அப்புறம் கை வச்சு பாக்கறது. கொள்முதல் நிலையத்துல நம்ம நெல்லுல 17 பர்சென்ட் ஈரத்துக்கு மேல போனா மிஷின வச்சு காட்டி நிறுத்திடறாங்கல்ல, அந்த நெல்லு வித்த காசுல வாங்கற துணிய நாம மட்டும் தொட்டுப் பாக்காம வாங்கலாமா? டீ-ஷர்ட்ட வெளிச்சத்துல தூக்கி புடிங்க, உள்ள விட்ட கைவிரல் தெளிவா தெரிஞ்சா துணி மெலிசு. ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம் எடைங்கறத ஜிஎஸ்எம்னு சொல்லுவோம், 180 இருந்தா நல்லா நிக்கும், 140க்கு கீழ போனா ரெண்டு மாசத்துல தொய்யும். சட்டைய தரையில விரிச்சு சைடு தையல பாருங்க, துவைக்காம இருக்கும்போதே தையல் முன்பக்கம் சாஞ்சு திரும்புதுன்னா துவைச்சா இன்னும் முறுக்கிக்கும். வெள்ளை கைக்குட்டைய நனைச்சு எடுத்துட்டு போங்க, கருப்பு, நேவி, மெரூன் கலர்ல உள்பக்கம் பத்து தடவ அழுத்தி தேய்ங்க, கைக்குட்டையில கலர் ஒட்டுனா வாங்காதீங்க. போன வருஷம் இத ஒண்ண செஞ்சிருந்தா அந்த மூணு சட்டையும் கடையிலயே தெரிஞ்சிருக்கும். வெக்கப்படாதீங்க அக்கா, திருப்பூர்ல பையர் ஆளுங்க இதத்தான் செய்வாங்க.

ஷூ, செருப்பு விஷயத்துல ரொம்ப ரொம்ப கவனம். பாலியூரித்தேன்னு ஒரு சோல் இருக்கு, மெத்துனு லேசா இருக்கும், காத்துல இருக்கற ஈரத்த இழுத்து இழுத்து போடாம பெட்டியில சும்மா கெடந்தாலே நாலஞ்சு வருஷத்துல உதிர ஆரம்பிச்சுடும். நம்ம டெல்டா ஈரக்காத்துக்கு கேக்கவே வேணாம். பழைய ஸ்டாக்க 70 பர்சென்ட் தள்ளுபடில புதுசா வாங்கிட்டு வந்து, ரெண்டாவது தடவ போட்டுட்டு போகும்போது சோல் பொட்டு பொட்டா கழண்டு விழுந்த கதை எங்க மச்சானுக்கே நடந்துச்சு. அதனால ஷூ பெட்டியில தயாரிச்ச மாசம் வருஷம் பாருங்க, ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகியிருந்தா சோல வளைச்சு நகத்தால அழுத்தி பாத்துட்டுத்தான். துணில இந்த தேதிய எதிர்பாக்க முடியாது, 2022லேர்ந்து பெட்டி கவர் இல்லாம திறந்து விக்கற துணிக்கு அது கட்டாயம் இல்ல. ஆனா எம்ஆர்பி, சைஸ், கம்பெனி பேரு விலாசம், கஸ்டமர் கேர் விவரம் இருக்கணும். விலைய குறைச்சு புது ஸ்டிக்கர் ஒட்டலாம், பழைய எம்ஆர்பிய மறைச்சு ஒட்டக்கூடாது.

பில்லுலயும் ஒரு பழக்கம் இருக்கு, தள்ளுபடி போக வந்த விலைக்கு மேல வரின்னு தனியா சேப்பாங்க. எம்ஆர்பிங்கறதே எல்லா வரியும் உள்பட. 40 பர்சென்ட் தள்ளுபடின்னு விளம்பரம் பண்ணிட்டு மேல வரி போட்டது முறையற்ற வணிகம்னு 2017ல தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பே சொல்லியிருக்கு, அப்ப அது வாட் வரி. அதே மாதிரி 2025 செப்டம்பர் 22லேர்ந்து ஒரு பீஸு 2,500 ரூபா வரைக்கும் இருக்கற துணிக்கும் செருப்புக்கும் ஜிஎஸ்டி 5 பர்சென்ட்தான், 1,000க்கு மேல போன துணிக்கு முன்ன 12 இருந்துச்சு. பழைய எம்ஆர்பி ஒட்டுன சரக்கா இருந்தா வரி குறைஞ்சத கடைக்காரன் தள்ளுபடில சேத்து காட்டறானான்னு பாருங்க, அது நமக்கு ஏற்கனவே சேர வேண்டிய காசு.

சரி, அப்ப 20,000 ரூபாய்க்கு எங்க எடுக்கறது? என் யோசனைய சொல்றேன். பெரியவங்களுக்கு காட்டன் புடவை, வேட்டி, துண்டு, போர்வை எல்லாம் கோ-ஆப்டெக்ஸ்ல எடுங்க, தீபாவளிக்கு வருஷா வருஷம் 30 பர்சென்ட் தள்ளுபடி குடுக்கறாங்க, தள்ளுபடிக்காக ஏத்தி வச்ச விலை இல்ல, அதனால நான் இத நம்பி சொல்லுவேன். தஞ்சாவூர் கும்பகோணத்துலயே இருக்கு, பஸ்ஸுல போயிட்டு வந்துரலாம். பட்டு ஒண்ணு எடுக்கற எண்ணம் இருந்தா அவுட்லெட் பக்கமே போகாதீங்க, திருபுவனம் நமக்கு பக்கம், 2019ல புவிசார் குறியீடு வாங்குன பட்டு, சுத்தமான பட்டுதான்னு காட்டற சில்க் மார்க் லேபிள் இருக்கான்னு பாத்து எடுங்க. பிள்ளைங்களுக்கு மட்டும் சர்ப்ளஸ் எடுக்கலாம், ஆறு மாசத்துல வளந்துடுவாங்க, கலர் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் பரவால்ல. அதுக்கு திருப்பூர் போக வேண்டியதில்ல, அங்கேர்ந்து சரக்கெடுத்து நம்ம பக்கமே விக்கறாங்க, ஒரு பீஸுக்கு 30, 40 ரூபா கூட இருக்கும், இருந்துட்டு போகட்டும், வேன் வாடகைய விட கம்மிதான. அளவு சரியில்லன்னா மறுநாளே மாத்திக்கவும் முடியும், 250 கிலோமீட்டர் தள்ளி வாங்குனத யாரு போயி மாத்தறது?

வீட்டுக்காரர் பேண்ட் சட்டைக்கு திருச்சி அவுட்லெட்டே போறதா இருந்தா போங்க, ஆனா எட்டு பேரும் போகாதீங்க, ரெண்டு பேரு பஸ்ஸுல போங்க, ஒரு தாள்ல யாருக்கு என்ன, என்ன சைஸ், எவ்வளவு வரைக்கும்னு எழுதிட்டு போங்க, தாள்ல இல்லாத எதையும் கையில எடுக்காதீங்க.

பில்ல கண்டிப்பா வாங்கி பத்திரமா வைங்க, வெயில் படாம, ஒரு போட்டோவும் எடுத்துக்கங்க, அந்த தாள்ல எழுத்து சீக்கிரம் அழிஞ்சிடும். "வித்த பொருள் வாபஸ் இல்ல"ன்னு அச்சடிச்சிருந்தாலும் குறை உள்ள பொருள அவங்க மறுக்க முடியாது. பில்லுல கெடு எதுவும் போடலன்னா 30 நாளுக்குள்ள எடுத்துக்கணும், 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துலயே இருக்கு. செகண்ட்ஸ்னு சொல்லியே வித்தத மட்டும் கேக்க முடியாது. கடையில சண்டை போட வேணாம், மறுத்தா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். போன வருஷத்து சட்டைக்கு நாள் தாண்டிடுச்சு, இந்த தடவ முதல் துவையல பில்லு தேதிலேர்ந்து ஒரு வாரத்துக்குள்ள போட்டுருங்க, தீபாவளி அன்னைக்குத்தான் கட்டுவேன்னு பீரோல வைக்காதீங்க. புதுத்துணிய துவைச்சு கட்டுனா நல்லா இருக்காதேன்னு மாமியார் சொன்னாங்கன்னா, ஒரு ஓரத்த மட்டும் பக்கெட்ல நனைச்சு பாத்துட்டு காய வச்சு எடுத்து வைங்க.