கள்ளி, கற்றாழை, ஜேட்: ஒடித்து நட்டவர்களுக்குப் பதில்

பாளையங்கோட்டை மொட்டைமாடியில் வளர்த்துப் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். ஊட்டியில் இருப்பவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

வள்ளியூர்: அண்ணாச்சி, ஜேட் என்கிற சதைப்பற்றான இலைச் செடியின் கொப்பை ஒடித்து அன்றைக்கே நட்டேன். ஒரே வாரத்தில் அடி கறுத்துச் சாய்ந்துவிட்டது.

அன்றைக்கே நட்டதுதான் தப்பு. ஒடித்த வாய் பச்சைப் புண். ஈர மண்ணில் வைத்தால் அழுகல் ஏறும். நாலு விரல் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில் நாலைந்து நாள் சும்மா போட்டுவையுங்கள். வெட்டுவாய் வெளுத்து, நகம் பட்டால் காய்ந்த தோல் மாதிரி இருக்கணும். அப்புறம் நடுங்கள். தண்ணீர் ஒரு வாரம் கழித்துத்தான். மண்கலவைக்கு மணல் இரண்டு பங்கு, செங்கல் சல்லி ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. எம் சாண்ட் என்றால் மாவு போகக் கழுவிக்கொள்ளுங்கள். தயிர் டப்பாவே போதும், அடியில் ஓட்டை வேண்டும். மூன்று வாரம் கழித்து லேசாக இழுத்தால் பிடி கொடுக்கும். தினமும் பிடுங்கிப் பார்த்தால் எது வேர்விடும்?

பல கடைகளில் ஜேட் என்று தருவது, சின்ன இலையும் சிவந்த தண்டும் உள்ள வேறு செடி. தென்னாப்பிரிக்காவில் யானை மேய்வது. நம் வெயிலைத் தாங்குவதும் அதுதான். தடித்த பெரிய இலை ஜேட் சித்திரையில் திணறும்.

அம்பாசமுத்திரம்: கற்றாழை மடலை வெட்டி நட்டால் வருமா?

வராது, அழுகும். தாய்ச்செடி ஓரத்தில் முளைக்கும் கன்றை வேரோடு பிரித்து நடுங்கள். திருஷ்டிக்கு வாசலில் தலைகீழாகத் தொங்குவது மாதக்கணக்கில் பச்சையாக நிற்கிறதே என்று கேட்பீர்கள். அது முழுச்செடி, மடலில் வைத்திருக்கும் தண்ணீரைத் தின்றுகொண்டிருக்கிறது.

தென்காசி: ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கிய எச்சிவேரியா, அதன் இலையிலிருந்து கன்று எடுப்பது எப்படி?

இலையைப் பக்கவாட்டில் அசைத்து அடிக்கணுவோடு முழுசாக எடுக்கணும். பாதி பிய்ந்தால் வீண். மண்மேல் படுக்க வையுங்கள், புதைக்காதீர்கள். சாரல் நேரத்தில் கூரைக்கடியில் வையுங்கள்.

களக்காடு: ஸ்நேக் பிளாண்ட் இலையைத் துண்டாக நட்டேன். கன்றில் மஞ்சள் கரையே இல்லை.

இலைத்துண்டில் நட்டால் பச்சையாகத்தான் வரும். கரை வேண்டுமானால் கிழங்கோடு பிரித்து நடணும்.

சேரன்மகாதேவி: நட்ட கொப்பு அழுகிவிட்டது, என்ன செய்ய?

வள்ளியூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திசையன்விளை: வெளிநாட்டுச் செடிக்கு ஏன் இந்தப் பாடு? செம்மணல் தேரிப் பக்கம் சப்பாத்திக்கள்ளி தானாக வளருது. சங்கப் பாட்டிலேயே கள்ளி இருக்கு அண்ணாச்சி.

தம்பி, பாட்டில் வரும் கள்ளி பால் வடிகிற கள்ளி, சதுரக்கள்ளி இனம். சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஒரு காலத்தில் காடுமேடெல்லாம் பரவி, அதைத் தின்ன 1926இல் இலங்கையிலிருந்து ஒரு கோச்சினியல் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். நம் ஊர்ச் சதைப்பற்றுச் செடி வேண்டுமென்றால் கள்ளிமுளையான் இருக்கிறது, கொடியில் பிரண்டை இருக்கிறது. பிரண்டையைக் கணுவோடு ஒடித்து நட்டால் துவையலுக்குப் பஞ்சமில்லை.

திசையன்விளை: எங்க தாத்தா காலத்திலிருந்தே வேலியில் நிக்குதே, அது எப்படி வெளிநாட்டுச் செடி?

மிளகாயும்தான் தாத்தா காலத்திலிருந்து குழம்பில் கிடக்கிறது. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். வேலியில் சதுரக்கள்ளியைக் கீறினால் வெள்ளைப் பால் வரும், சப்பாத்தியில் வராது. முள்ளையும் பாருங்கள்: சதுரக்கள்ளியில் இரண்டிரண்டாக, சப்பாத்தியில் கொத்தாக. கீறுகிறவர்கள் கையுறை போடுங்கள். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாங்குநேரி: அடினியம் கொப்பு பிடிக்குமா?

பிடிக்கும். விதைச்செடி மாதிரி குண்டு அடி வராது. அதன் பாலும் விஷம், கையைக் கழுவுங்கள்.

பேட்டை: ஐப்பசி மழையில் நடலாமா?

வேண்டாம். தை பிறக்கட்டும்.

முக்கூடல்: ஜேட் அடி கறுத்துவிட்டது...

வெட்டுவாய் காயட்டும்! வேறு கேள்வி இல்லையா?

ஆலங்குளம்: ரோஜா பதியன்?

எனக்கு ரோஜா வராது. வேறு யாரையாவது கேளுங்கள்.

திசையன்விளை: கீறிப் பார்த்தேன் அண்ணாச்சி. பால் இல்லை, வழவழன்னு தண்ணிதான். விரலெல்லாம் அரிக்குது.

கையுறை போடச் சொன்னேனே. அது கண்ணுக்குத் தெரியாத பூமுள், தேய்க்காதீர்கள். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி உரியுங்கள்.