நிலாவாரை: எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு?

மலச்சிக்கலுக்கு நிலாவாரை முதலிய மூலிகைகளை எடுப்பது குறித்து மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, நாகர்கோவிலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

தக்கலை: ஐயா, மூன்று நாட்களாக மலம் கழியவில்லை. நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரைத் தூள் வாங்கியிருக்கிறேன். எப்படி எடுப்பது?

கடுமையான வயிற்றுவலி, வாந்தி, வயிற்று உப்புசம், காற்றுகூடப் பிரியாத நிலை ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் அந்தத் தூளைத் தொடாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குடல் அடைபட்டிருக்கும்போது எந்தப் பேதி மருந்தும் ஆபத்தானது.

அவை இல்லையென்றால் குறைந்த அளவில் தொடங்கலாம். நிலாவாரையில் வேலை செய்யும் பொருளான சென்னோசைடு, பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 30 மில்லிகிராம் வரை போதும். நல்ல இலையில் அது ஏறத்தாழ 2.5 விழுக்காடு இருக்கும் என்பதால், அரை கிராம் முதல் ஒரு கிராம் தூளிலேயே தேவையான அளவு கிடைத்துவிடும். வீட்டுத் தேக்கரண்டியால் நிரம்ப அள்ளினால் அந்த அளவைத் தாண்டிவிடுவீர்கள். கடைத் தூளின் வீரியம் ஒரே சீராக இருப்பதில்லை. ஆகவே, அளவு அச்சிடப்பட்ட மாத்திரையையே நான் பரிந்துரைப்பேன்.

இரவு உறங்கச் செல்லுமுன் எடுங்கள். இம்மருந்து வயிற்றில் மாறாமல் பெருங்குடல் வரை சென்று, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை மாற்றிய பிறகே வேலை தொடங்குகிறது. அதனால்தான் 6 முதல் 12 மணி நேரம் ஆகிறது. அதற்குள் பொறுமையிழந்து இரண்டாவது முறை எடுப்பவர்களே மறுநாள் முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவதிப்படுகிறார்கள். ஒரு வாரத்திற்கு மேலும் தேவைப்பட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

குலசேகரம்: நான் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் தோட்டத்திற்குச் சென்றுவிடுவேன். இரவில் மருந்து எடுத்தால் வெட்டும் நேரத்தில் வயிறு கலக்குகிறதே?

அது மருந்தின் குற்றமன்று, தம்பி. நேரக் கணக்கு அப்படி அமைந்துவிடுகிறது. தினமும் எடுக்கவேண்டிய மருந்து இதுவன்று. வாரத்தில் இரண்டு மூன்று முறை எடுத்தாலே போதும் என்பதால், மறுநாள் வெட்டு இல்லாத இரவுகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் சிக்கலுக்குக் காரணம், விடியற்காலையில் வரும் உந்துதலை அடக்கிக்கொண்டு மரத்திற்கு மரம் ஓடுவதாகவே இருக்கக்கூடும். உணவு இறங்கியதும் பெருங்குடல் இயல்பாகவே அசையும். வேலை முடிந்து வந்து கஞ்சி குடித்த பிறகு, உந்துதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவசரமின்றிச் சற்று நேரம் கழிப்பறையில் அமர்ந்து பழகுங்கள். தோட்டத்திற்குப் போகும்போது குடிநீரும் கொண்டு செல்லுங்கள்.

பூதப்பாண்டி: எழுபது வயதைக் கடந்த என் அம்மா பல ஆண்டுகளாகத் தினமும் இரவில் நிலாவாரைச் சூரணம் எடுக்கிறார். இதய நோய்க்கு மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் உண்டு. இலைதானே என்று விட்டுவிடலாமா?

விட்டுவிடக் கூடாது. ‘குடல் சோம்பிவிடும்’ என்று பலரும் அஞ்சுவார்கள். அந்த அச்சம் சற்று மிகையானது என்பதே என் கருத்து. நீண்ட காலம் எடுத்தவர்களின் பெருங்குடல் உட்சுவர் கறுத்துப் போவதுண்டு. அதுவும் மருந்தை நிறுத்திய சில மாதங்களில் மெல்ல மறைந்துவிடும். உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை என் கவலை பொட்டாசியத்தைப் பற்றியது.

அளவு மிஞ்சி அடிக்கடி வயிறு இளகும்போது உடலிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரைகளும் அதையே சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. இரண்டும் சேர்ந்து அந்த உப்பு குறைந்துவிட்டால் கால்கள் தளரும், படபடப்பு வரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். டிகாக்சின் என்ற இதய மாத்திரையை எடுப்பவர்களுக்கு அதன் நச்சுத்தன்மையும் கூடும். வயதானவர் தளர்ந்திருப்பதை வீட்டில் யாரும் நோயாக நினைப்பதில்லை என்பதுதான் இதில் பெரிய சங்கடம்.

இதய மருத்துவரிடம் செல்லும்போது சூரணப் பொட்டலத்தையும் கொண்டு செல்லுங்கள். ‘வேறு மருந்து எடுக்கிறீர்களா?’ என்று கேட்டால் பெரும்பாலானோர் சூரணத்தைச் சொல்வதே இல்லை. இரத்தத்தில் பொட்டாசியத்தைப் பரிசோதிக்கச் சொல்லி, அவர் மேற்பார்வையில் சூரணத்தைக் குறைத்து, மாற்று வழிக்கு வரலாம்.

குளச்சல்: எனக்கு ஏழாவது மாதம். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியதிலிருந்து மலம் இறுகுகிறது. விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்கிறார்கள்.

வேண்டாம், அம்மா. விளக்கெண்ணெய் கருப்பையையும் சுருங்கத் தூண்டும். நிலாவாரையையும் நீங்களாக எடுக்காதீர்கள். இரும்பு மாத்திரையையும் நிறுத்திவிடாமல், சோதனைக்குச் செல்லும் நாளில் இதைச் சொல்லுங்கள். மாத்திரையை மாற்றவோ பாதுகாப்பான மலமிளக்கி தரவோ அவர்களால் முடியும்.

மார்த்தாண்டம்: நிலாவாரை எடுத்த மறுநாள் சிறுநீர் சிவந்திருந்தது. இரத்தமா?

மருந்தின் நிறமாக இருக்கலாம். அது சிறுநீரை மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ மாற்றுவதுண்டு. நிறுத்திய பிறகும் நிறம் மாறாவிட்டால், அல்லது எரிச்சலும் வலியும் இருந்தால், பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

தோவாளை: நான்கு வயதுக் குழந்தைக்குச் சரக்கொன்றைப் புளி கொடுக்கலாமா?

விஷுவுக்குக் கணி வைக்கும் அதே கொன்றையின் காய்தான் என்றாலும், அதிலும் நிலாவாரையைப் போன்ற பேதிப் பொருள்கள் உள்ளன. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இவற்றை வீட்டு வைத்தியமாகக் கொடுக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரணியல்: மருந்தே இல்லாமல் மட்டி வாழைப்பழத்தால் சரியாகாதா?

பழுத்த மட்டி நல்லதுதான். ஆனால், மூன்று வேளையும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீனுமாக உண்டுவிட்டு இரவில் ஒரு பழம் தின்றால் போதாது. சிறுபயறு, முருங்கைக்கீரைத் துவரன், தவிடு நீக்காத சம்பா அரிசி ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் கூட்டினால் வயிறு ஊதும். இசப்கோல் உமி எடுப்பதானால் நிறைய நீரில் கலந்து உடனே குடியுங்கள், ஏனெனில் நீர் போதாவிட்டால் அது தொண்டையிலேயே ஊதி அடைக்கக்கூடும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும்.

ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாகச் சிக்கல் தொடங்கினாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, பழமும் உமியும் சூரணமும் எதுவும் வேண்டாம். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.