இலை சிவக்கும் வரை காத்திருக்க வேண்டாம்

ஆகஸ்டில் டோக்கியோ வந்த தம்பி ஒருவர் கேட்கிறார்: "செப்டம்பர் பாதி ஆகியும் வெயில் கொளுத்துகிறது. ஆபீஸில் எல்லாரும் இலையுதிர்காலம் வந்துவிட்டது என்கிறார்கள். எங்கே வந்தது? ஒரு இலைகூடச் சிவக்கவில்லையே!"

தம்பி, அவர்கள் சும்மா சொல்லவில்லை. இங்கே பழைய நாட்காட்டிப்படி ஆகஸ்ட் 7 அல்லது 8-லேயே இலையுதிர்காலம் பிறந்துவிடும். அன்றிலிருந்து கோடை நலம் விசாரிக்கும் அஞ்சலட்டையின் வாசகம்கூட மாறும்; 'மிச்ச வெயிலில் நலமா' என்றுதான் எழுதுவார்கள். வருடத்தை 24 பருவமாகவும், அதையும் உடைத்து 72 துண்டுகளாகவும் வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டுக்கு ஐந்து நாள் போல வரும். சீனாவிலிருந்து வந்த இந்தக் கணக்கை, 1685-இல் நடைமுறைக்கு வந்த நாட்காட்டியை உருவாக்கிய ஷிபுகாவா ஹருமி ஜப்பானின் பூச்சிக்கும் பறவைக்கும் ஏற்ப மாற்றினார். செப்டம்பர் நடுவில் வரும் துண்டு 'வாலாட்டி கூவுகிறது'. அடுத்தது 'தகைவிலான்கள் கிளம்புகின்றன'.

இலை சிவப்பது கடைசியில்தான். முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'மீன் மீன்' என்று கத்திய சிள்வண்டு ஓய்ந்து, ஆகஸ்ட் கடைசியில் 'ட்சுகு ட்சுகு போஷி' என்று வேறொன்று பாடும். இருட்டியதும் புதரிலிருந்து மணி கிலுக்குவது போல சுஸுமுஷி பூச்சியின் சத்தம். இதைக் கேட்பதற்கென்றே சுமிதா வட்டத்து முகோஜிமா ஹ்யக்காஎன் தோட்டத்தில் ஆகஸ்ட் கடைசியில் ஆட்கள் கூடுவார்கள். இப்போது போனால் அங்கே ஹகி என்ற புதர்ச்செடி பூத்து வளைந்த பந்தலுக்குள் நடக்கலாம்.

செப்டம்பர் 22, 23 வாக்கில் இரவும் பகலும் சமமாகும் ஹிகான். நம் புரட்டாசி மகாளயம் போலவே முன்னோரை நினைக்கும் நாட்கள். வயல் வரப்பிலும் கல்லறை ஓரத்திலும் ஹிகான்பானா அப்போது சரியாகத் தலைகாட்டும். இலையே இல்லாத தண்டு, உச்சியில் செக்கச்சிவந்த பூ. கிழங்கு விஷம், குழந்தைகள் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் எனக்கு உயிரான விஷயம். செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் ஒரு காலை ஸ்டேஷனுக்கு நடக்கும்போது பழுத்த பழம் போல ஒரு வாசம் வந்து நிறுத்தும். மரம் எங்கே என்று தெரியாது. தேடினால் யார் வீட்டு வேலியிலோ, இலைக்கடியில் மிளகளவு ஆரஞ்சுப் பூக்கள் அப்பிக் கிடக்கும். அது கின்மொகுசெய். வெயில் நீடிக்கும் வருடங்களில் தள்ளிப்போகும். ஒரு நல்ல மழை போதும், அத்தனையும் கொட்டி நடைபாதை ஆரஞ்சாகிவிடும். அதனால் வாசம் வந்த அன்றே நின்று பார்த்துவிடுங்கள், ரயில் போனால் அடுத்த ரயில் வரும்.

பொழுதையும் கவனியுங்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் மாலை 6.45 வரை இருந்த சூரியன் அக்டோபர் கடைசியில் 4.50க்கே போய்விடும். புதிதாக வந்தவர்களுக்கு இது மனதைக் கொஞ்சம் அழுத்தும். மதிய இடைவேளையில் வெளியே நடங்கள்.

சரி, இலைக்கு வருவோம். டோக்கியோவில் ஜிங்கூ கையென் கிங்கோ மரங்கள் மஞ்சளாக நவம்பர் கடைசி ஆகும். க்யோட்டோ போவதென்றால் நவம்பர் பின்பாதி. அறையை இப்போதே பிடித்துவிடுங்கள், அப்புறம் விலை எட்டாது.