ஒன்றரை வேகத்தில் ஓஸு

கேள்வி: உலகத்தின் தலைசிறந்த படங்களில் ஒன்று என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே என்று ஜப்பானிய டைரக்டர் ஓஸுவின் 'டோக்கியோ ஸ்டோரி' பார்த்தேன். பத்து நிமிடத்திலேயே பொறுமை போய் 1.5 வேகத்துக்கு மாற்றிவிட்டேன். அப்படியும் ஒன்றும் நடக்கவில்லை. வயதான தம்பதி பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள், திரும்பிப் போகிறார்கள், கிழவி இறந்துபோகிறாள். அவ்வளவுதான். உலக சினிமா என்று உருகுகிறவர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்: நிஜமாகவே ரசிக்கிறீர்களா, இல்லை பாவனையா? உங்களுக்குப் பிடிக்காத 'மகத்தான' படம் ஒன்றையாவது சொல்ல உங்களுக்குத் தைரியம் உண்டா?

பதில்: தைரியத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. பெயரோடு சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. படம் 136 நிமிடம். உங்கள் வேகத்தில் சுமார் 40 நிமிடம் மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். அந்த 40 நிமிடத்தில்தான் ஐயா படம் இருந்தது.

பாவனைக்காரர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. 'மானுட அவலத்தின் காட்சிமொழி' என்று எதையாவது சொல்வார்கள். டைரக்டர் பெயரை இரண்டு விதமாக உச்சரித்துக் காட்டுவார்கள். எந்தக் காட்சி பிடித்தது என்று கேளுங்கள், பேச்சு அதோடு நின்றுவிடும். ஆனால் அதே கேள்வியை உங்களிடமும் கேட்கலாமே? நீங்கள் அனுப்பியிருப்பது கதைச்சுருக்கம். டிவிடி உறையின் பின்பக்கத்தில் அது இலவசமாகவே கிடைக்கும்.

எனக்குப் பிடித்த காட்சியைச் சொல்கிறேன். மூத்த மகள் ஷிகே பியூட்டி பார்லர் நடத்துகிறாள். பெற்றோர் உள்ளே வருகிறார்கள். யார் அவர்கள் என்று வாடிக்கையாளர் கேட்க, தெரிந்தவர்கள், கிராமத்திலிருந்து வந்திருக்கிறார்கள் என்கிறாள். கை வேலையை நிறுத்தவில்லை, குரலும் மாறவில்லை. பின்னணி இசை வந்து நம் கழுத்தைப் பிடித்து 'பார், எவ்வளவு கொடுமை' என்று காட்டவும் இல்லை. ஓஸு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார். உறைப்பதும் உறைக்காததும் நம் பாடு.

வீட்டில் வைத்துக்கொள்ளச் சிரமமாயிருக்கிறது என்று மகனும் மகளும் பணம் போட்டு அவர்களை அடாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். விடுதியில் ராத்திரி முழுக்கப் பக்கத்து அறைகளில் ஆட்டமும் பாட்டும். தூக்கமில்லை. காலையில் இருவரும் கடலோரச் சுவரில் உட்கார்ந்து, வீட்டுக்குக் கிளம்பிவிடலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். எழுந்திருக்கும்போது கிழவிக்குத் தலை சுற்றுகிறது; குனிந்து கையை ஊன்றிக்கொள்கிறாள். ஒன்றுமில்லை, தூங்காததுதான் என்று சொல்லிவிட்டு நடக்கிறாள். அவள் சாகப்போகிறாள் என்பதை ஓஸு அங்கேயே சொல்லிவிட்டார். 1.5 வேகத்தில் அது யாரோ கால் தடுக்கியதுபோலத்தான் தெரிந்திருக்கும்.

ஷிகேயை வில்லி என்று முடிவு கட்டவும் படம் விடுவதில்லை. அம்மாவுக்கு உடம்பு மோசம் என்று தந்தி வந்ததும், எதற்கும் துக்க உடையை எடுத்துக்கொள்ளலாம் என்று அண்ணனிடம் சொல்கிறவள் அவள். பிழைக்கமாட்டாள் என்று தெரிந்ததும் வெடித்து அழுகிறவளும் அவளே. சடங்கு முடிந்து சாப்பிட உட்கார்ந்ததும், அம்மாவின் இன்னின்ன துணி எனக்கு வேண்டும் என்று கேட்கிறவளும் அவளே. மூன்றும் பொய்யில்லை. இப்படி ஒரு மகளை எழுதத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. 1953இல் ஓஸுவும் அவரோடு திரைக்கதை எழுதிய கோகோ நோடாவும் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் 'ஒன்றும் நடக்கவில்லை' என்கிறீர்கள்.

ஒன்று சொல்லவேண்டும்: பொறுமை இழந்ததில் நீங்கள் முதல் ஆள் இல்லை. 1960 கான் திரைப்பட விழாவில் இத்தாலிய டைரக்டர் அந்தோனியோனியின் 'லவெஞ்சுரா' திரையிடப்பட்டபோது அரங்கமே கூச்சலிட்டது. ஒரு பெண் தீவில் காணாமல் போகிறாள். கொஞ்ச நேரத்தில் அவளைத் தேடுவதையே படம் மறந்துவிடுகிறது. கூச்சலிடாமல் என்ன செய்வார்கள்? மறுநாள் திரைப்படக்காரர்களும் விமர்சகர்களும் படத்தை ஆதரித்துக் கையெழுத்திட்டு அறிக்கை விட்டார்கள். நடுவர் பரிசும் கிடைத்தது. இரண்டு ஆண்டு கழித்து, 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை, தலைசிறந்த படங்கள் எவை என்று விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அதற்கு இரண்டாம் இடம். கூச்சலிட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் படத்தின் வேகத்திலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திட்டினார்கள்.

அதே பத்திரிகையின் 2022 வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்தது ஷாண்டால் ஆகர்மானின் 'ஜீன் டீல்மான்'. 1975இல் வந்தது, 201 நிமிடம். தனியாக மகனை வளர்க்கும் ஒரு பெண்ணின் மூன்று நாள்: சமையல், பாத்திரம், படுக்கை விரிப்பு, மதியத்தில் காசு கொடுக்கும் ஆண். உங்களுக்கு இதைச் சிபாரிசு செய்யும் அளவுக்கு நான் கொடுமைக்காரன் அல்ல. ஆனால் இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் அலைகிறாள். முதல் நாள் அவள் கை ஒரு தடவைகூடத் தடுமாறாததை நெடுநேரம் பார்த்திருப்பதால், அந்த ஒரு பாத்திரம் நம்மை நிமிர்ந்து உட்காரவைக்கிறது. நிதானத்துக்கு இங்கே வேலை இருக்கிறது. வேலையே இல்லாமல் நிதானமாக ஊரும் படங்களும் உண்டு. மூடுபனியில் ஒருவன் ஐந்து நிமிடம் நடப்பான், கடைசிவரை ஏன் நடந்தான் என்று தெரியாது. அவற்றுக்கு நீங்கள் எந்த வேகம் வைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வேகமான படம் மட்டம் என்றும் நான் சொல்லமாட்டேன். 'பாரசைட்'டில் பீச் பழத்தின் மெல்லிய ரோமத்தை ஆயுதமாக்கி, அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத வீட்டு வேலைக்காரியைத் துரத்தும் அந்தச் சில நிமிடங்களைப் பாருங்கள். எடிட்டிங் பறக்கிறது, ஒரு பார்வைகூட வீணில்லை.

அண்மையில் வந்தவற்றில் என்னை மிகவும் தொந்தரவு செய்தது ஜோனதன் கிளேசரின் 'த ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்', 2023. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் தளபதி ருடால்ஃப் ஹோஸ், முகாமின் மதிலை ஒட்டிய வீட்டில் மனைவி மக்களோடு வாழ்கிறான். முகாமுக்குள் நடப்பதைப் படம் காட்டுவதே இல்லை, ஒலியாக மட்டும் வருகிறது. சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் அதற்குத்தான் கிடைத்தது. மனைவி ஹெட்விக்குக்கு ஒரு ஃபர் கோட்டு வருகிறது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் போட்டுப் பார்க்கிறாள். பையில் கை விட்டால் ஒரு லிப்ஸ்டிக். திறந்து, தன் உதட்டில் பூசிப் பார்க்கிறாள். அந்த லிப்ஸ்டிக் யாருடையது என்று ஒருவரும் சொல்வதில்லை. இந்தப் படத்தைச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தால் தோட்டக்கலை விளம்பரம்.

விம் வெண்டர்ஸின் 'பெர்ஃபெக்ட் டேஸ்' பிடித்தது, ஒரு முணுமுணுப்போடு. கழிப்பறை துப்புரவுத் தொழிலாளியான நாயகனுக்கு ஹிராயாமா என்று பெயர் வைத்திருக்கிறார். 'டோக்கியோ ஸ்டோரி' குடும்பத்தின் பெயரும் அதுதான். நாயகனாக நடித்த கோஜி யாகுஷோ கடைசியில் வண்டி ஓட்டிக்கொண்டே சிரித்து, கலங்கி, மறுபடி சிரிக்கும் முகத்துக்கு கான் விருது கொடுத்தது நியாயம். ஆனால் அந்தக் கழிப்பறைகள்! துடைக்க வருவதற்கு முன்பே பளபளக்கின்றன. டோக்கியோவின் பொதுக் கழிப்பறைத் திட்டம் ஒன்றிலிருந்து பிறந்த படம் என்பது தெரிகிறது. அழுக்கைக் காட்டத் தயங்கும் படம், அந்தத் தொழிலாளியின் உழைப்பைப் பாதிதான் காட்டியிருக்கிறது.

இனி நீங்கள் கேட்ட பிடிக்காத படங்கள். அலென் ரெனேயின் 'லாஸ்ட் இயர் அட் மரியன்பாட்', 1961இல் வெனிஸ் திரைப்பட விழாவின் பெரிய விருதான தங்கச் சிங்கம் வாங்கியது. நடைபாதைகளும் கண்ணாடிகளும் அபாரம். ஆனால் போன வருடம் இவர்கள் சந்தித்தார்களா இல்லையா என்ற கேள்வியில் எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் அக்கறை நிற்கவில்லை. அடுத்து ஜாக் ஓதியாரின் 'எமிலியா பெரெஸ்', 2024. ஆஸ்கருக்கு 13 பரிந்துரை. மெக்ஸிகோவில் ஆயிரக்கணக்கானவர்கள் காணாமல் போன துயரத்தை எடுத்துக்கொண்டு, பெரும்பகுதியை பிரான்ஸ் ஸ்டூடியோவில் படமாக்கி, பாட்டும் ஆட்டமும் சேர்த்திருக்கிறார்கள். பாட்டு இருப்பது குற்றமில்லை. கொலைகாரத் தலைவன் பெண்ணாக மாறி, பிணங்களைத் தேடித் தரும் தொண்டு நிறுவனம் ஆரம்பித்ததும், அவன் கொன்ற கணக்கைப் படம் சத்தமில்லாமல் தள்ளுபடி செய்துவிடுகிறது. அந்த இடத்தில் நான் படத்தை விட்டு விலகிவிட்டேன்.

'டோக்கியோ ஸ்டோரி'யை இன்னொரு தடவை பாருங்கள் என்று கெஞ்சப்போவதில்லை. பார்த்தால், அதன் வேகத்தில் பாருங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் எந்தக் காட்சியில், ஏன் கசந்தது என்று எழுதி அனுப்புங்கள். ஒரு வரி வெட்டாமல் பிரசுரிக்கிறேன்.