வெள்ளிக்கு 229 கெல்வின்: உங்கள் கணக்கு சரிதான்

வணக்கம். கிடைக்கும் வெயிலையும் அதில் கோள் திருப்பி அனுப்பும் பங்கையும் மட்டும் வைத்துக் கோளின் 'சமநிலை வெப்பநிலை'யைச் சொல்லும் சூத்திரத்தில் பூமிக்கு 255 கெல்வின், அதைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளிக் கோளுக்கு 229 கெல்வின் வருகிறது, எங்கே தப்பு என்று கேட்டிருந்தீர்கள். தப்பே இல்லை. நானும் போட்டுப் பார்த்தேன், அதே விடைதான்.

வெள்ளிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 2600 வாட் வெயில் கிடைக்கிறது, பூமியைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. ஆனால் அதன் கந்தக அமில மேகங்கள் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. உள்ளே தங்குவது பூமிக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. ஆல்பிடோவை, அதாவது திருப்பி அனுப்பும் பங்கை, சுழியம் என்று வைத்துப் பாருங்கள், 327 கெல்வின் வரும்.

இந்தச் சூத்திரத்துக்குக் காற்று மண்டலம் என்றால் என்னவென்றே தெரியாது, அதுதான் விஷயம். பூமியிலேயே இது −18 டிகிரி செல்சியஸ் என்கிறது. உண்மையான சராசரி சுமார் 15. அந்த 33 டிகிரியை நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் மற்ற பசுமைக்குடில் வாயுக்களும் தருகின்றன. வெள்ளியில் தரையழுத்தம் நம்முடையதைப் போல 90 மடங்குக்கு மேல், காற்றில் 96 சதவீதத்துக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. தரையில் சுமார் 464 டிகிரி, ஈயமே உருகிவிடும்!

நம்மிடமும் கார்பன் குறைவில்லை. மழையில் கரைந்து, கடலுக்குப் போய், பெரும்பகுதி சுண்ணாம்புக் கல்லாகக் கிடக்கிறது. வெள்ளியில் அதற்குத் தண்ணீர் இல்லை.

அப்புறம், வேறொரு விண்மீனைச் சுற்றும் டிராப்பிஸ்ட்-1இ கோளுக்கு நீங்கள் எழுதியிருக்கும் 250 கெல்வினைத் 'தரை வெப்பநிலை' என்று போடாதீர்கள். அதுவும் காற்று மண்டலத்தைக் கணக்கில் எடுக்காத எண்தான்; 'சமநிலை வெப்பநிலை' என்று மாற்றிவிடுங்கள்.